பூங்கா எங்கே போயிற்று?

சென்னைக்குப் போகிறவர்கள் சென்ட்ரல் ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்துக்குப் 'பார்க் டவுன்' என்று பெயர். பார்க் எங்கே?

இருந்தது. 1859ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெலியன், 'கறுப்பர் நகரம்' என்று வெள்ளையர் அழைத்த நெரிசல் பகுதியின் ஜனங்கள் காற்று வாங்கப் பூங்கா அமைக்க முனைந்தார். 116 ஏக்கர், மக்கள் பூங்கா என்றே பெயர். குளங்களும் மிருகக்காட்சி சாலையும் இருந்தன.

பிறகு? ஒரு மூலையில் விக்டோரியா மண்டபம். 1900ல் மூர் மார்க்கெட். 1913ல் ரிப்பன் மாளிகை. அப்புறம் ஸ்டேடியம். 1985ல் மார்க்கெட் எரிந்தது. அங்கே ரயில்வே கட்டடம் எழுந்தது. மிருகங்களும் அதே ஆண்டு வண்டலூர் போயின. மிஞ்சியது மை லேடீஸ் பூங்கா என்ற சிறு துண்டு.

மார்க்கெட்டும் ஸ்டேடியமும் வேண்டியவைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் வெட்டப்பட்டது மக்களின் நிலம். பொது நிலத்துக்குப் பட்டாதாரர் இல்லை. கேட்க நாதியில்லை என்ற நினைப்பு!

நம்மூர் மேய்ச்சல் புறம்போக்கும் ஏரிக்கரையும் இப்படித்தான் துண்டு துண்டாகப் போகும். கூலிக்காரனுக்குச் சொந்தத் தோட்டம் ஏது? பொது நிலமே அவன் தோட்டம். கிராம சபையில் சர்வே எண்ணைச் சொல்லிக் கணக்குக் கேளுங்கள். முதல் ஏக்கர் போகும்போதே கேளுங்கள்!