ஜீப் திணறினால் முதலில் பம்பைக் கழற்றலாமா?

சாத்தான்குளம் தேரி மணலிலும் ஓட்டப்பிடாரம் கரிசலிலும் பழைய டீசல் ஜீப்புகள் இன்றும் விளைச்சலைச் சுமக்கின்றன. மகேந்திரா நிறுவனம் 1947-ல் அந்நாளைய பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அந்த வழி வந்த வண்டிகள் எளிதில் ஓய்வதில்லை. ஆனால் இஞ்சின் திணறியதுமே டீசல் பம்பைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பும் வழக்கம் வீண் செலவு. அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

பெரும்பாலும் கோளாறு டீசல் வரும் வழியில்தான் இருக்கும். பாதி காலியான டேங்கில் கடற்காற்றின் ஈரம் இரவில் நீராகிப் படியும், துருவும் சேரும். ஆகவே முதலில் டேங்கின் அடியிலும் பில்டரிலும் தேங்கிய நீரை வடிக்க வேண்டும். அடைத்த பில்டரை மாற்ற வேண்டும். குழாய் இணைப்பு தளர்ந்திருந்தால் ஏர் பிடிக்கும். இணைப்பை முடுக்கி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று டீசல் சீராக வரும்வரை ஏர் எடுக்க வேண்டும். கரும்புகை வந்தால் ஏர் பில்டரையும் பார்ப்பது அவசியம்.

இத்தனைக்குப் பிறகும் திணறினால்தான் இன்ஜெக்டரையும் பம்பையும் தொட வேண்டும். மாலையில் டேங்கை நிரப்பி நிறுத்தும் விவசாயிக்கு, அறுவடை நாளில் வண்டி காலை வாராது.