வீட்டுக்குள் சினிமாக் கொட்டகை! வாங்கலாமா, வேண்டாமா?

சினிமாவைத் தேடிக் கொட்டகைக்குப் போனது ஒரு காலம். இப்போது கொட்டகையே வீடு தேடி வருகிறது! அதற்குப் பெயர், "ஹோம் தியேட்டர்".

"கையில் பணம் இல்லையா? கவலை வேண்டாம். மாதத் தவணையில் எடுத்துச் செல்லுங்கள்" என்று கடைக்காரர் அழைக்கிறார். "வாங்கலாம் அப்பா" என்று பிள்ளைகள் குதிக்கிறார்கள். அம்மா மட்டும் வரவு-செலவு நோட்டைப் புரட்டுகிறார்.

யார் பக்கம் நியாயம்?

ஆறு பெட்டிகள்

ஹோம் தியேட்டரில் பெரும்பாலும் 6 ஒலிபெருக்கிகள் இருக்கும். இதைத்தான் "5.1" என்கிறார்கள்.

டெலிவிஷனை ஒட்டி நடுவில் ஒன்று. நடிகர்களின் பேச்சு இதில் இருந்து வரும். இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று. பாட்டும் இசையும் முக்கியமாக இவற்றில் கேட்கும். பார்ப்பவருக்குச் சற்றுப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மழையின் சத்தமும், கூட்டத்தின் கூச்சலும் அங்கிருந்து வரும்.

ஆறாவது பெட்டி, "சப்-ஊபர்". இடி, வெடி போன்ற கனத்த ஓசைகளை எழுப்புவது இதன் வேலை. "5.1"-ல் உள்ள 1 இதுதான்.

நன்மை என்ன?

இந்தக் காலத்து டெலிவிஷன்கள் தட்டையானவை. அவற்றுக்குள் இருக்கும் ஒலிபெருக்கியும் சிறியது. எனவே படம் பளிச்சென்று தெரிந்தாலும், பேச்சு தெளிவாகக் கேட்பது இல்லை. அந்தக் குறையை இது போக்குகிறது.

கொட்டகைப் படி ஏற முடியாத பாட்டியும், கைக்குழந்தையை விட்டுப் போக முடியாத தாயும் வீட்டில் இருந்தபடியே படத்தை ரசிக்கலாம். குடும்பம் முழுவதும் ஒன்றாக உட்காருகிறது. இது சிறிய நன்மை அல்ல.

கணக்குப் பாருங்கள்

ஒரு குடும்பம் ஆண்டுக்கு 8 முறை சினிமாவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்கு 1,000 ரூபாய் செலவு என்றால், ஆண்டுக்கு 8,000 ரூபாய். 40,000 ரூபாய் கொடுத்து ஹோம் தியேட்டர் வாங்கினால், அது 5 ஆண்டு சினிமாச் செலவு! கடனுக்கு வாங்கினால் வட்டி வேறு. அப்புறமும் புதுப் படம் வந்தால் பிள்ளைகள் கொட்டகைக்குத்தான் கூப்பிடுவார்கள்!

இன்னொன்று. பழைய படங்களில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் ஒலிப்பதிவு ஆனவை. அவற்றை 6 பெட்டிகளில் கேட்டாலும், நாலாபுறமும் இருந்து தனித்தனி ஓசை வந்துவிடாது. பழைய பாட்டு கேட்பதற்காக மட்டும் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சுவருக்கு அப்பால்

செலவு நம்முடையது. சத்தமோ ஊருக்கே போகிறது!

சப்-ஊபரின் கனத்த ஓசை சுவரை எளிதில் தாண்டும். சுவருக்கு அப்பால் பரீட்சைக்குப் படிக்கும் பையன் இருக்கலாம். இரவு வேலை முடிந்து தூங்கும் தொழிலாளி இருக்கலாம். இந்த வீட்டின் வேடிக்கை, அந்த வீட்டின் வேதனை ஆகலாமா?

குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று 2000-ம் ஆண்டில் வந்த மத்திய அரசின் விதிகள் அளவு வகுத்துள்ளன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம்.

காதுக்கும் அளவு உண்டு. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சத்தம் கூடக் கூட, கேட்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

வாங்குமுன்...

அறையை அளந்து பாருங்கள். 10 அடிக்கு 10 அடி அறையில் கட்டில், பீரோ போக 6 பெட்டிகளுக்கு இடம் எங்கே? அங்கே டெலிவிஷனுக்குக் கீழே வைக்கும் "சவுண்ட்பார்" ஒன்றே போதும். பேச்சு தெளிவாகக் கேட்கும்.

அட்டையில் "பி.எம்.பி.ஓ." என்று ஆயிரக்கணக்கான வாட் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். "ஆர்.எம்.எஸ்." வாட் எவ்வளவு என்று கேளுங்கள். தொடர்ந்து தரக்கூடிய சக்தி அதுதான்.

பெரிய கூடம், கடன் இல்லாத பணம், இரவு 10 மணிக்குச் சத்தத்தைக் குறைக்கும் மனம் - இந்த மூன்றும் உள்ள வீட்டுக்கு ஹோம் தியேட்டர் நல்ல விருந்தாளி. பக்கத்து வீட்டில் இருப்பதைப் பார்த்து, பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு வைத்த பணத்தில் வாங்கினால், அது வீட்டுக்குள் வந்த வம்பு.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். வீட்டுக்குத் தகுந்த சத்தமும் வேண்டும்!