மருத்துவமனையில் பிழைத்த குழந்தை காலனியில் பிழைக்க என்ன வேண்டும்?

தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99-க்கும் மேல் மருத்துவமனையில் நடக்கின்றன. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்லும் கணக்கு இது. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்போர் 2020-ல் நாடு முழுவதற்கும் 28, தமிழ்நாட்டில் 13. அரசு மருத்துவமனைகளும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் உழைத்துச் சேர்த்த பெருமை இது. இதை நாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதே குடும்ப நல ஆய்வில் அகில இந்திய அளவில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பட்டியல் சாதியினரிடையே ஆயிரத்துக்குச் சுமார் 41 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறக்கின்றன. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லாத பிரிவினரிடையே அது சுமார் 28. பிரசவ அறை எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாழ்க்கை ஒன்றல்ல. பின்னால் வருவதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசுகிறோம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, ஒன்றரைக் கிலோ எடையில் பிறந்த குழந்தை, இதயத்தில் ஓட்டையுள்ள குழந்தை, மூச்சுத் திணறியோ வலிப்பு வந்தோ மீண்ட குழந்தை. இவர்களை அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு வாரக்கணக்கில் வைத்துக் காப்பாற்றுகிறது. பிறகு ஒரு நாள் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுத்து, 102 வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புகிறது. உண்மையான சோதனை அன்றுதான் தொடங்குகிறது.

சீட்டில் உள்ளதும் வீட்டில் உள்ளதும்

குழந்தையை மார்போடு அணைத்துச் சூடாக வைத்திருக்க வேண்டும் என்கிறது சீட்டு. கங்காரு பராமரிப்பு என்று இதைச் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. செலவில்லாத, உயிர் காக்கும் முறை. அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கக்கூடிய ஓர் ஆள்.

தமிழ்நாட்டில் அரசுப் பணியில் உள்ள பெண்ணுக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு சம்பளத்துடன் கிடைக்கிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்ணுக்கு ஒரு நாள் விடுப்புகூடக் கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உதவி உண்டு. அதில் 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். நல்ல திட்டம். ஆனால் மூன்றே நாளில் வீடு திரும்பிய குழந்தையின் தாய்க்கும் நாற்பது நாள் தீவிர சிகிச்சையில் கிடந்த குழந்தையின் தாய்க்கும் தொகை ஒன்றே. தாய் மருத்துவமனையில் கிடந்த நாட்களில் அவள் கூலியும் போயிருக்கும். துணைக்கு இருந்தவரின் கூலியும் போயிருக்கும். கந்து வட்டிக்கு வாங்கிய கடன் வாசலில் நிற்கும். பிறகு எட்டு மணி நேரம் யார் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது?

சில குழந்தைகளுக்கு வீட்டிலும் ஆக்சிஜன் தேவைப்படும். ஆக்சிஜன் செறிவூட்டி 350 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 8 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதத்துக்கு அரசு தரும் 100 யூனிட் இலவச மின்சாரம் 12 நாளில் தீர்ந்துவிடும். ஒரு விளக்கு இணைப்பை நம்பியிருக்கும் குடிசைக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதை நம் பகுதிக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

தவறிப்போகும் தேதிகள்

மறுபரிசோதனைத் தேதி என்பது வெறும் சடங்கல்ல. இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு விழித்திரை பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. பிறந்த நான்கு வாரத்துக்குள் கண் பரிசோதனை செய்து கண்டுபிடித்தால் பார்வையைக் காப்பாற்றலாம். தவறினால் பார்வை திரும்பாது. 1996-ல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை செய்யப்படாமல் பார்வை பறிபோனது. அவருடைய தந்தை விடாமல் வழக்கு நடத்தினார். 2015-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இத்தனை ஆண்டுகள் வழக்கு நடத்தும் வசதி நம் காலனியில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

திருவாரூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே மூன்றில் ஒருவருக்கு மேல் பட்டியல் சாதியினர். விகிதத்தில் மாநிலத்திலேயே முதலிடம். முத்துப்பேட்டைப் பக்கத்துக் காலனியிலிருந்து மாவட்டத் தலைநகருக்குச் சுமார் 50 கிலோமீட்டர். விடியல் பயணத்தில் கட்டணமில்லாமல் போவது நகரப் பேருந்தில் மட்டும்தான். காய்ச்சல், இருமல்காரர்களுக்கு நடுவே ஒன்றரைக் கிலோ குழந்தையைப் பேருந்தில் தூக்கிச் செல்வதும் ஆபத்து. ஒரு வயது வரை உடல்நலமில்லாத குழந்தையை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் திரும்பக் கொண்டுவிடவும் இலவச வாகனம் தர வேண்டும் என்பது 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் கீழ் வரும் உரிமை. இதை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

வாசலில் நிற்கும் சேவை

பிறந்த 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் வீட்டுக்கே வந்து குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று தேசிய விதி இருக்கிறது. எடை குறைந்த, தீவிர சிகிச்சையிலிருந்து திரும்பிய குழந்தைகளுக்குக் கூடுதல் வருகைகளும் உண்டு. பார்ப்பது என்றால் தொட்டுப் பார்ப்பது. கை கால் சில்லிட்டிருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டுகிறதா என்று எண்ணுவது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்குக் கிடைக்கும் மருத்துவச் சேவையை ஆராய்ந்து பேராசிரியர் சங்கமித்ரா ஆச்சார்யா 2010-ல் வெளியிட்ட அறிக்கை, சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குள் வரத் தயங்குவதையும் தொடாமல் மருந்து தருவதையும் பதிவு செய்தது. நம் ஊரில் அப்படி இல்லை என்று சொல்ல விரும்புவோர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: பதிவேட்டில் எழுதப்பட்ட வருகைகளில் எத்தனை வீட்டுக்குள் நடந்தவை, எத்தனை தெருமுனையிலோ அங்கன்வாடித் திண்ணையிலோ முடிந்தவை?

பிள்ளை தவறிவிட்டால் பழி தாய் மேல் விழுகிறது. "சுத்தமா வச்சிக்கத் தெரியல" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். தண்ணீர்க் குழாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று அவர்கள் கேட்பதில்லை. நம் அப்பாயிகளும் அம்மாச்சிகளும் பால் புகட்டிய பாலாடையைத்தான் இன்று மருத்துவமனைகளும் குறைமாதக் குழந்தைக்குப் பயன்படுத்துகின்றன. வளர்க்கும் அறிவு நம்மிடம் உண்டு. சாம்பிராணிப் புகை, கொதிக்க வைக்காத சங்கு போன்ற சிலவற்றை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். உறவுக்காரர் போல உள்ளே வந்து உட்கார்ந்து சொல்லும் செவிலியர் இருந்தால் அதுவும் மாறும்.

கேட்க வேண்டியவை

காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது. அதே முறையில், தீவிர சிகிச்சையிலிருந்து திரும்பிய குழந்தையின் தாய்க்கு முதல் ஆறு மாதத்துக்குக் கூலி இழப்பீடு தர வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வருகிறது. இந்தக் குழந்தைகளையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். உயிர் காக்கும் கருவி ஓடும் வீட்டுக்கு மின்கட்டண விலக்கு வேண்டும். மறுபரிசோதனைக்கு வந்தவர்கள், வராதவர்கள் கணக்கை மாவட்ட வாரியாக, சமூகப் பிரிவோடு வெளியிட வேண்டும். பணம் எங்கே என்று கேட்டால், பட்டியல் சாதியினருக்கான மேம்பாட்டு நிதியை மக்கள்தொகை விகிதத்தில் ஒதுக்க 2024-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. காலனியில் இப்படியொரு குழந்தை வந்தால், மறுபரிசோதனைத் தேதியைப் பக்கத்து வீட்டுக்காரரும் எழுதி வைத்துக்கொள்ளலாம். தாய் வேலைக்குப் போகும் நாளில் அப்பாவோ பாட்டியோ குழந்தையை மார்பில் போட்டுக்கொள்ளலாம். பால் குடிக்காமல் துவண்டாலோ, கை கால் சில்லிட்டாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, உள்ளங்காலில் மஞ்சள் ஏறினாலோ விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். அந்த வண்டி காலனிக்குள் திரும்பப் பாதை இருக்கிறதா என்பதை அடுத்த கிராம சபையில் தீர்மானமாக எழுதிக் கொடுப்போம்.