மூடிய பெக்டரியின் காணி யாருக்கு?

மூடிக்கிடக்கும் தேயிலை பெக்டரியைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. தகரம் கழன்று, யன்னல் உடைந்து, ரோலர்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. கொழுந்து லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகிறது. உள்வேலை பார்த்தவர்களை மலைக்கு அனுப்பிவிட்டார்கள். கந்தப்பளையில் ஹெதர்செட் பெக்டரி 1990களில் ஹோட்டலானது. எல்லா பெக்டரியும் ஹோட்டலாகிவிடாது. மற்றவற்றின் காணிக்கு நாளை ஒரு திட்டம் வரும்போது நாம் எங்கே நிற்போம்?

ஜேர்மனியில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். டூயிஸ்பர்க் நகரில், ரைன் நதிக்கரையில், குருப் கம்பனிக்கு ஒரு பெரிய உருக்காலை இருந்தது. 1987 நவம்பரில் அதை மூடப்போகும் செய்தி வெளியானது. தொழிலாளர்கள் வீதிக்கு இறங்கினார்கள். டிசம்பர் 10ஆம் திகதி ரைன் பாலத்தை மறித்தார்கள். அதற்கு இன்றும் 'ஒற்றுமைப் பாலம்' என்றுதான் பெயர். குடும்பத்துப் பெண்களும் ஊராரும் கூடவே நின்றார்கள். போராட்டம் 160 நாள் நடந்தது. ஆலையைக் காப்பாற்ற முடியவில்லைதான், 1993 ஆகஸ்டில் மூடினார்கள். ஆனால் போராடி வாங்கிய அந்த ஐந்து வருடத்தில் பலர் முன்கூட்டியே ஓய்வூதியம் பெற்றார்கள், பலர் வேறு ஆலைகளுக்கு மாறினார்கள்.

காணியின் கதை பிறகுதான் வருகிறது. 1998இல் சுமார் 265 ஹெக்டயர் நிலத்தைத் துறைமுகக் கம்பனி வாங்கியது. அது அரசுக்கும் நகரசபைக்கும் சொந்தமான கம்பனி என்பதைக் கவனியுங்கள். கடல் 200 கிலோமீற்றருக்கும் அப்பால். ஆனாலும் ஆற்றுக் கப்பலில் வரும் கொள்கலன் அங்கே ரயிலுக்கும் லொறிக்கும் மாறுகிறது. சீனாவிலிருந்தே ரயில் வருகிறது. ஆயிரக்கணக்கானோருக்கு அங்கே வேலை இருக்கிறது.

இதைக் காட்டி, "பெக்டரி போனால் என்ன, வேறு நல்லது வரும்" என்று நம்மிடம் சொல்ல வருவார்கள். ஐம்பது வயதில் ஆலையை விட்டு வெளியே வந்தவர் 1998 வரை காத்திருந்து களஞ்சியத்தில் வேலைக்குச் சேரவில்லை. உருக்காலையில் சங்கம் பேசி வாங்கிய சம்பளமும் புது இடத்துக்குத் தானாக வந்துவிடாது.

நம் ஆற்றில் கப்பல் ஓடாது. ரயில் ஓடுகிறதே! 1867இல் கண்டிக்குப் பாதை போட்டதே கோப்பி ஏற்றத்தான். ஸ்டேசனுக்குப் பக்கத்தில் மூடிய பெக்டரி ஒன்று தேயிலைக் களஞ்சியமாகி, அங்கிருந்து கொழும்புக்கு ரயிலில் சரக்குப் போனால் நாங்கள் எதிர்க்கமாட்டோம். ஆனால் காணி அரசுடையது, கம்பனிக்குக் குத்தகைதான். அதைப் பற்றிப் பேசும் மேசையில் சங்கமும் இருக்கவேண்டும். புது வேலையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முதலிடமும் பயிற்சியும், லயங்களில் கைவைப்பதில்லை என்ற உறுதியும் கேற் பூட்டுவதற்கு முன்பே எழுத்தில் வரவேண்டும்.

தலைவர்மாரும் மாதர் தலைவிகளும் அடுத்த தோட்டக் கமிட்டியில் இதை எடுங்கள். உங்கள் பகுதியில் மூடிய பெக்டரி எது, எப்போது மூடினார்கள், இப்போது யார் கையில் இருக்கிறது என்று எழுதிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.