குசினிக் கழிவும் எங்கள் உழைப்பும்



யுத்தத்தில் கணவரை இழந்து, குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர் கல்லூரி விடுதிகளின் குசினிகளில் வேலை செய்கின்றனர். அங்கே நாள்தோறும் மரக்கறித் தோல், தேங்காய்ப்பூச் சக்கை, தேயிலைச் சக்கை, முட்டைக்கோது என வாளி வாளியாகக் கழிவு சேருகின்றது. பொலித்தீனோடு கலந்துவிட்டால் அது வெறும் குப்பை. 2017 ஏப்ரல் 14 இல் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது.

எங்கள் மாவட்டத்துக் கல்லூரி விடுதியொன்றில் சமையல் செய்யும் ஏழு பெண்கள், இக்கழிவைப் பிரித்தெடுத்துக் கூட்டெரு தயாரிக்கின்றனர். அவர்களது சிறுகுழுவுக்குச் சென்று வருவதால் செய்முறையை அருகிலிருந்து பார்த்தேன்.

ஒரு வாளி கழிவுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த சருகு போட்டு, மாறி மாறி அடுக்குகிறார்கள். குவியல் மூன்றடி அகலமும் உயரமும் இருந்தால் உள்ளே நன்றாகச் சூடேறும். நுண்ணுயிர்கள் வேலை செய்வதால்தான் இந்தச் சூடு. கையில் அள்ளிப் பிழிந்தால் ஈரம் தெரியவேண்டும், நீர் வடியக்கூடாது. வாரம் ஒருமுறை கிளறவேண்டும். நாற்றம் வந்தால் சருகு கூட்டிக் கிளறினால் போதும். மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டங்களைப் போடுவதில்லை. எலியும் நாயும் வரும். மழைக்குக் கிடுகால் மூடுகிறார்கள். இரண்டு மூன்று மாதங்களில் கறுத்த, மண்வாசனையுள்ள பசளை கிடைக்கின்றது.

ஆனால் முதல் குவியல் முழுவதும் கல்லூரிப் பூந்தோட்டத்துக்குப் போய்விட்டது. பிரித்தது, சுமந்தது, கிளறியது எல்லாம் இப்பெண்கள். கூலி கேட்டபோது, "வீட்டில் செய்கிற வேலைதானே" என்று பதில் வந்தது. வீட்டில் செய்வதால் பெண்ணின் உழைப்புக்குப் பெறுமதி இல்லையென்று சமூகம் நினைக்கின்றது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, போதிய சேதனப் பசளையின்றி விவசாயிகள் பட்ட பாட்டை நாடே கண்டது. பெறுமதி இல்லாத பொருளையா அன்று தேடி அலைந்தார்கள்?

ஏழு பேரும் ஒன்றாகக் கையொப்பமிட்டுக் கடிதம் கொடுத்தார்கள். இப்போது பாதிப் பசளை அவர்களுக்கு. வீட்டுத்தோட்டத்தில் கத்தரியும் மிளகாயும் அந்தப் பசளையில் வளர்கின்றன. மேலதிக நேரத்துக்கான கூலியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தோழியரே, நீங்கள் வேலை செய்யும் இடத்திலும் கூட்டெரு தொடங்கலாம். தொடங்குமுன் வேலை யாருக்கு, பலன் யாருக்கு என்பதைக் கூடிப்பேசி எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.