பழியை மாணவர்மேல் போடாதீர்கள்

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் என்றாலே இளக்காரம்." ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா மேடைகளிலும் குவீன்ஸ்டவுன் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில் வாசலிலும் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சிங்கப்பூர் வீடுகளில் தமிழ் குறைந்துவருவது உண்மை. அதற்கு மாணவர்களின் மனப்பான்மைதான் காரணம் என்பது தவறு. மாணவர்களைக் குறைசொல்லக் கூறப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"வீட்டிலேயே ஆங்கிலம்தானே பேசுகிறார்கள்?"

பேசுகிறார்கள். வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசும் இந்தியர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 41.6 விழுக்காடு, 2020இல் 59.2 விழுக்காடு. ஆனால் 2020இல் 15 வயதான மாணவிக்கு 2010இல் வயது ஐந்து. அந்த வீட்டில் எந்த மொழி பேசுவது என்று முடிவு செய்தது அவளா? பாலர்பள்ளியில் பிள்ளை திணறக்கூடாது என்று ஆங்கிலத்துக்கு மாறியவர்கள் பெரியவர்கள். அவர்களின் கவலை நியாயமானதுதான். அதன் விளைவுக்குப் பிள்ளையைக் குற்றவாளி ஆக்குவதுதான் நியாயமில்லை.

"பள்ளியில் தமிழ் நண்பர்களோடும் ஆங்கிலமா?"

உணவகத்தில் ஒரே மேசையில் ஒரு சீன மாணவி, ஒரு மலாய் மாணவர், இரண்டு தமிழ் மாணவர்கள். அந்த இருவர் மட்டும் தமிழில் பேசினால் மற்ற இருவரும் விழிப்பார்கள். பொதுமொழியில் பேசுவது அங்கே பண்பு. இந்தோனேசியாவில் ஜாவானிய மாணவரும் பாத்தாக் மாணவரும் தங்களுக்குள் இந்தோனேசிய மொழியில் பேசிக்கொண்டால், தாய்மொழியை வெறுக்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

வீடு திரும்பினாலும் நிலைமை அதுதான். முனீஸ்வரன் கோயிலை எழுப்பிய ரயில்வே தொழிலாளர்களுக்கு அக்கம்பக்கமெல்லாம் தமிழ்க் குடும்பங்கள். இன்றைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கில், 1989 முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி எல்லா இனத்தவரும் கலந்து வாழ்கிறார்கள். நாட்டுக்கு அது நல்லது. ஆனால் மின்தூக்கியில் தமிழில் பேச ஆள் கிடைப்பது அரிது.

"தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறதே, வெட்கம்தானே?"

வெட்கம்தான். ஆனால் தமிழை நினைத்து அல்ல, தன் தமிழை நினைத்து. பாட்டி பேரனிடம் "சாப்டியாய்யா?" என்று கேட்டால், "சாப்டேன் பாட்டி" என்று உடனே பதில் வரும். மாமா படிப்பைப் பற்றிக் கேட்கிறார். "மூணு ப்ராஜெக்ட் இருக்கு மாமா, அத இந்த வாரத்துக்குள்ள..." என்று தொடங்கியதுமே, "ப்ராஜெக்ட் என்னடா, செயல்திட்டம்னு சொல்லு" என்று வெட்டுகிறார். அடுத்த முறை அவன் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வான். வகுப்பில் பேச்சுத் தமிழுக்கும் இடம் வேண்டும் என்று 2005இலேயே தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்தது. பள்ளிக்கூடம் ஏற்றுக்கொண்டதை நம் வீட்டுக்கூடம் இன்னும் ஏற்கவில்லை.

"பயனில்லாத மொழி என்று கைகழுவுகிறார்களே?"

1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழி; தமிழ் ஒரு பாடம் மட்டுமே. தேர்வு முடிந்தபின் அதைத் தொடர யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. இருந்தும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர்கள் 'சங்கே முழங்கு' நிகழ்ச்சியை மேடையேற்றுகிறார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் இலக்கிய மன்றம் நடக்கிறது. மதிப்பெண் தராத வேலைக்காகப் பொறியியலும் கணக்கியலும் படிக்கும் பிள்ளைகள் இரவெல்லாம் ஒத்திகை பார்க்கிறார்கள். தமிழ் இளக்காரம் என்றால் இதை யார் செய்வார்?

பிள்ளைகளிடம் தமிழ்மேல் மதிப்பு இருக்கிறது. இல்லாதது பேசிப் பழகும் வாய்ப்பும், தப்பாகப் பேசினாலும் பொறுமையாகக் கேட்கும் பெரியவர்களும். "பிள்ளைகள் பேசுவதில்லை" என்று குறைப்படும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள்: இன்று இரவுச் சாப்பாட்டின்போது உங்கள் பிள்ளையிடம் தமிழில் பேசுங்கள். பதிலில் ஆங்கிலச் சொல் கலந்திருந்தால் விட்டுவிடுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை திருத்தாமல் கேளுங்கள். நாளையும் அப்படியே செய்யுங்கள்.