கவுன்சிலரின் கணவர் என்றொரு பதவி

நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினாலும் கண்ணில் படாத பதவி ஒன்று தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. அதற்குத் தேர்தல் கிடையாது, வேட்புமனு கிடையாது, பதவிப் பிரமாணம் கிடையாது. ஆனால் அலுவலகம் உண்டு, லெட்டர் பேடு உண்டு, சுற்றி நிற்க நாலு ஆட்கள் உண்டு. அதன் பெயர் 'கவுன்சிலரின் கணவர்'. பல வார்டுகளில் பெயரைக்கூடச் சுருக்கிவிட்டார்கள். அவரைக் 'கவுன்சிலர்' என்றும், ஓட்டு வாங்கி ஜெயித்தவரைக் 'கவுன்சிலர் வீட்டம்மா' என்றும் சொல்கிறார்கள்.

இதை வைத்துச் சிரிப்பது நமக்குப் பழகிவிட்டது. டீக்கடையில் சிரிக்கிறார்கள், சினிமாவில் சிரிக்கிறார்கள், பட்டிமன்றத்தில் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் தவறாமல் ஒரு தீர்ப்பு வரும்: "இதுக்குத்தான் பொம்பளைங்களுக்கு சீட்டு குடுத்தாங்களா?" என் எதிர்ப்பு அந்தத் தீர்ப்புக்குத்தான். ஓர் ஆண் ஒரு பெண்ணின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு நாற்காலி ஏன் பெண்ணுக்கு என்று கேட்கிறோமே தவிர, அவனை அங்கே உட்கார வைத்தது யார் என்று கேட்பதில்லை.

உட்கார வைத்தது கட்சி. ஒளிவுமறைவு இல்லாமல், எல்லோருக்கும் தெரிய, முறைப்படி உட்கார வைத்தது.

ஒரு கவுன்சிலர் எப்படி உருவாகிறார் என்று பாருங்கள். பதினெட்டு வயதில் கொடி கட்டுகிறான், சுவரொட்டி ஒட்டுகிறான், ராத்திரி பூத் வேலை பார்க்கிறான். பிறகு வட்டப் பிரதிநிதி, வட்டச் செயலாளர். மேலே பகுதிச் செயலாளர். அதற்கும் மேலே மாவட்டச் செயலாளர், அவர்தான் அந்தப் பக்கத்தின் குட்டி ராஜா. பெயர்கள் கட்சிக்குக் கட்சி கொஞ்சம் மாறும், ஏணி மாறாது. இருபது வருஷம் உழைத்தவன் கவுன்சிலர் சீட்டுக்குக் காத்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து வார்டு 'பெண்கள் பொது' என்று அறிவிக்கப்படுகிறது. கட்சி என்ன செய்ய வேண்டும்? அந்த வார்டில் இருபது வருஷம் வேலை செய்த ஒரு பெண்ணைத் தேட வேண்டும். தேடுவதில்லை. வட்டச் செயலாளரைக் கூப்பிட்டு, "உன் வீட்டுல யாருப்பா இருக்கா?" என்று கேட்கிறது. சீட்டு அவருக்கே தரப்படுகிறது. வேட்புமனுவில் மட்டும் மனைவியின் பெயர், அல்லது அம்மாவின் பெயர், அல்லது மகளின் பெயர்.

ஆகவே அந்தக் கணவரை அத்துமீறி நுழைந்தவர் என்று சொல்ல முடியாது. கட்சியின் கணக்கில் அவர்தான் வேட்பாளர். அத்துமீறி நுழைந்தவராக நடத்தப்படுவது அந்தப் பெண்தான்.

சட்டம் தன் பங்குக்குக் கதவைத் திறந்துதான் வைத்தது. 74வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றது. 1996இல் தமிழ்நாட்டில் அதன்படி முதல் தேர்தல் நடந்தது. 2016இல் அந்தப் பங்கு பாதியாக உயர்ந்தது. 2022 பிப்ரவரி 19 தேர்தலில் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் என மொத்தம் 12,838 வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 21 மேயர் நாற்காலிகளில் 11 பெண்களுக்கு. ஒரு மாநிலத்தின் நகர அரசியலுக்குள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஒரே நாளில் நுழைந்தார்கள்.

அதே மாநிலத்தில் 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 பேரில் எத்தனை பெண்கள் ஜெயித்தார்கள்? 12. அப்போது பதவியேற்ற 34 பேர் கொண்ட அமைச்சரவையில் எத்தனை பெண்கள்? இரண்டு.

கீழே ஐம்பது சதவீதம், மேலே ஐந்து சதவீதம். நடுவில் இருக்கும் ஏணி கட்சியினுடையது. அந்த ஏணியில் ஒதுக்கீடு இல்லை. பெண் மாவட்டச் செயலாளர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெண்களுக்கென்று கட்சி கட்டிவைத்த தனி வீடு ஒன்று உண்டு, மகளிர் அணி. தலைவர் வந்தால் ஆரத்தி எடுக்க, மாநாட்டில் முன்வரிசையில் ஒரே நிறப் புடவையில் உட்கார, எதிர்க்கட்சிப் பெண் தலைவரைத் திட்டிக் கொடும்பாவி கொளுத்த அந்த அணி வேண்டும். வேட்பாளர் பட்டியல் தயாராகும் அறையில் அந்த அணிக்கு எத்தனை நாற்காலி என்று கேட்டுப் பாருங்கள்.

ஓர் ஆணுக்கு உள்ளாட்சி என்பது முதல் படி. பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர். ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். அண்ணா சென்னை மாநகராட்சித் தேர்தலில் நின்று தோற்றவர். 1959இல் அதே மாநகராட்சியைத் திமுக பிடித்ததுதான் கோட்டைக்குப் போகும் பாதையின் தொடக்கம். 1996இல் மேயரான மு.க. ஸ்டாலின் பிறகு முதலமைச்சர் ஆனார். 2006இல் மேயரான மா. சுப்பிரமணியன் பிறகு அமைச்சர் ஆனார். இதில் குற்றம் ஒன்றும் இல்லை, அரசியல் வாழ்க்கை இப்படித்தான் வளர வேண்டும். சென்னைக்கு 1950களில் தாரா செரியன் மேயராக இருந்தார், 1970களின் தொடக்கத்தில் காமாட்சி ஜெயராமன் இருந்தார். அடுத்த பெண் மேயரைப் பார்க்க இந்த நகரம் 2022வரை காத்திருந்தது. ஆணுக்குப் படியாக இருக்கும் நாற்காலி பெண்ணுக்கு மட்டும் ஏன் பயணத்தின் முடிவாகிவிடுகிறது?

சுழற்சி முறை இதற்கு ஒரு பதில். வார்டு அடுத்த முறை பொதுவாகிவிட்டால், "உன் டேர்ன் முடிஞ்சுதும்மா" என்று பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பொது வார்டு என்றால் ஆண் வார்டு என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? பொது வார்டில் பெண் நிற்க எந்தத் தடையும் இல்லை. தடை கட்சியின் பழக்கத்தில்தான்.

இன்னொரு பதில், அதிகம் பேசப்படாதது. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த ஆண்டுத் தேர்தல் நீதிமன்றத்தில் நின்றுபோய், 2022வரை நகரங்களைத் தனி அதிகாரிகள் ஆண்டார்கள். ஆண் கவுன்சிலர் அந்த ஐந்தரை வருஷமும் என்னவாக இருந்தார்? வட்டச் செயலாளராகவோ பகுதிச் செயலாளராகவோ கட்சிப் பொறுப்பில் இருந்தார். தெருவில் அவர் செல்வாக்கு குறையவில்லை. பெண் கவுன்சிலருக்குக் கட்சிப் பொறுப்பு என்று எதுவும் கொடுத்திருக்கவில்லை. மன்றம் கலைந்ததும் அவரும் கரைந்துபோனார். ஐந்து வருஷம் கற்ற வேலை, அதிகாரிகளோடு சண்டை போட்டுப் பழகிய நாக்கு, எல்லாம் சமையலறைக்குத் திரும்பின. 2022இல் 'அனுபவமில்லாத புது முகங்கள்' என்று அவர்கள் இடத்தில் வேறு பெண்களைக் கொண்டுவந்து, அனுபவமில்லை என்று மறுபடி சிரித்தோம்.

வேலையைப் பற்றியும் பேச வேண்டும். தண்ணீர் வரவில்லை, குப்பை எடுக்கவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, தெருவிளக்கு எரியவில்லை. கவுன்சிலரின் நாள் இதில்தான் போகிறது. வீட்டுக்குள் இவை எல்லாம் பெண்களின் வேலை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். வீதிக்கு வந்ததும் அதே வேலை திடீரென்று பெண்களுக்குப் புரியாத வேலையாகிவிடுகிறது. எந்தப் பகுதி புரியாது என்று கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அடைத்த சாக்கடையைப் பற்றி விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் செய்து திட்டுபவர்களுக்குப் பதில் சொல்வது அவருக்கே விடப்படுகிறது. அந்தச் சாக்கடையைக் கட்டும் காண்ட்ராக்ட் பற்றி உதவிப் பொறியாளரோடு பேசும்போது மட்டும் "நீ உள்ள போ, நான் பேசிக்கிறேன்."

ஊதியத்தைப் பாருங்கள். மாநகராட்சி கவுன்சிலர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் என்று அரசு அறிவித்ததே 2023இல்தான். பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500. அதற்கு முன் கூட்டத்துக்கு வந்தால் ஒரு சிறு படி, அவ்வளவுதான். 'சேவை'க்குச் சம்பளம் எதற்கு என்றார்கள். வீட்டு வேலைக்குச் சொல்லும் அதே வாதம். முழுநேர வேலைக்குக் கூலி இல்லை என்றால், சொந்த வருமானம் இல்லாத பெண் யாரை நம்பி அரசியல் செய்வார்? தேர்தல் செலவு போட்டவரை நம்பித்தான். செலவு போட்டவர், கடன் வாங்கியவர், அதை வசூலிக்கப்போகிறவர் எல்லாம் அந்தக் கணவர். கணக்குப் புத்தகம் யார் கையிலோ நாற்காலியும் அவர் கையில்.

அதிகாரத்தையும் பாருங்கள். மன்றம் தீர்மானம் போடும். கோப்பை நகர்த்துவது ஆணையர். சென்னையில் தண்ணீரும் கழிவுநீரும் 1978 முதல் தனி வாரியத்தின் கையில். கவுன்சிலரை நோக்கி வரும் புகார்களில் பாதிக்கு அவர் கையில் பதில் இல்லை. பதில் வேண்டுமென்றால் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்வது ராத்திரி பத்து மணிக் கட்சி அலுவலகத்தில், கல்யாண மண்டபத்தில், டாஸ்மாக் பாரில் நடக்கிறது. மேயரும் 2019 நவம்பர் அவசரச் சட்டத்துக்குப் பிறகு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர் அல்ல, மேலிடம் சொல்பவரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 2024 ஜூலையில் கோவை மேயரும் நெல்லை மேயரும் அடுத்தடுத்து விலகினார்கள். ஒருவர் பெண், ஒருவர் ஆண். சொந்தக் காரணம், உடல்நிலை என்றார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், வாக்களித்த மக்கள் செய்தியைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கரை கடந்த மறுநாள், காசிமேட்டில் முதல்வரின் வாகன அணிவகுப்பில் ஒரு வண்டியின் பக்கவாட்டில் தொங்கியபடி சென்ற மேயர் பிரியாவின் காட்சி நினைவிருக்கும். நாடே பேசியது. 28 வயதில் சென்னையின் முதல் தலித் பெண் மேயரானவர். சிரித்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், பரிதாபப்பட்டவர்கள் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். அவரோ அதைத் தன் பணியின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தில் நான் பார்ப்பது வண்டியைத்தான். நகரத்தின் முதல் குடிமகள் வெள்ளம் பார்க்கப் போகும் வண்டியில் அவருக்கென்று ஓர் இருக்கை ஏன் இல்லை? ஒதுக்கீடு பெண்ணை வண்டிவரை கொண்டுவந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை.

"பெண்கள் தைரியமாக இருந்தால் யார் தடுப்பார்கள்?" என்பது இன்னொரு வாதம். இப்படிக் கேட்பவர்கள் மதுரை லீலாவதியின் பெயரைச் சொல்லிவிட்டுப் பேசட்டும். நெசவாளி, மார்க்சிஸ்ட் கட்சி ஊழியர், மாதர் சங்கத்தில் வளர்ந்தவர். 1996 தேர்தலில் வில்லாபுரத்திலிருந்து மாநகராட்சிக் கவுன்சிலரானார். யாருடைய நாற்காலியையும் காத்துவைத்திருக்க வரவில்லை. தண்ணீரை விற்றுப் பிழைத்தவர்களை எதிர்த்து, தன் மக்களுக்குக் குழாயில் தண்ணீர் வரவேண்டும் என்று போராடினார். 1997 ஏப்ரல் 23 அன்று தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். தேர்தல் நடந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அன்றைய ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர்கள் அந்தக் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். கையெழுத்து மட்டும் போட்டிருந்தால் ஐந்து வருஷமும் கவுன்சிலராக இருந்திருப்பார். உண்மையிலேயே கவுன்சிலராக இருந்ததற்குத்தான் கொன்றார்கள்.

லீலாவதியிடம் இருந்த ஒன்றையும் கவனிக்க வேண்டும். அவர் வார்டுக்கு வருவதற்கு முன்பே அமைப்புக்குள் இருந்தார். வேறொருவரின் மனைவி என்ற அடையாளத்தால் கிடைத்த சீட்டு அல்ல அது. பெண்ணை முதலில் ஊழியராக, பிறகு பொறுப்பாளராக, பிறகு வேட்பாளராகப் பார்த்த அமைப்பிலிருந்து அப்படி ஒருவர் வந்தார். தைரியம் அவருடையது, சந்தேகமில்லை. ஆனால் தைரியத்துக்குக் காலூன்ற ஓர் இடம் வேண்டும்.

குடும்பப் பின்னணியில் வந்த பெண்கள் எல்லோரும் பொம்மைகள் என்றும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்பா பெயரால் வந்த ஆண்களை இந்த நாடு 'வாரிசு' என்கிறது. கணவன் பெயரால் வந்த பெண்ணைப் 'பினாமி' என்கிறது. முதல் சொல்லில் எதிர்காலம் இருக்கிறது, இரண்டாவதில் திருட்டுப் பட்டம் இருக்கிறது. முதல் வருஷம் கணவர் எழுதிக் கொடுத்ததை வாசித்தவர், மூன்றாவது வருஷம் மன்றத்தில் எழுந்து நின்று பொறியாளரைக் கேள்வி கேட்கிறார் என்பது நடக்காத கதை அல்ல. நாற்காலி கற்றுக்கொடுக்கும். கற்றுக்கொண்டவரை அடுத்த தேர்தலில் தூக்கி எறிவதுதான் குற்றம்.

மேடையில் நின்று "பெண் பிரதிநிதிகளே, கணவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்காதீர்கள்" என்று தலைவர்கள் அறிவுரை சொல்வதில் பயனில்லை. அந்த அறிவுரை தவறான விலாசத்துக்குப் போகிறது. அதை மாவட்டச் செயலாளர்களுக்கு அனுப்புங்கள். வட்டம், பகுதி, மாவட்டம் என்று ஒவ்வொரு படியிலும் பாதிப் பொறுப்பைப் பெண்களுக்குக் கொடுங்கள். அதற்கு அரசியல் சட்டத் திருத்தம் தேவையில்லை, கட்சியின் ஒரு தீர்மானம் போதும். நன்றாக வேலை செய்த பெண்ணுக்குப் பொது வார்டிலும் சீட்டு கொடுங்கள். வாழ முடிகிற சம்பளம் கொடுங்கள். மன்றக் கூட்டத்திலும் அதிகாரிகளின் அறையிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவரைத் தவிர வேறு யாருக்கும் நாற்காலி போடாதீர்கள்.

2022இல் பதவியேற்றவர்களின் ஐந்து வருஷம் 2027இல் முடிகிறது. ஓட்டுக் கேட்டு மறுபடி வாசலுக்கு வருவார்கள்; துண்டறிக்கையில் பெண்ணின் படம் சிறியதாகவும், அருகில் அவரது 'அண்ணன்' படம் பெரியதாகவும் இருக்கும். அப்போது நாம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. இந்த அம்மா கட்சியில் என்ன பொறுப்பில் இருக்கிறார்? போன தடவை ஜெயித்த பெண்ணுக்கு ஏன் சீட்டு தரவில்லை? பகுதி சபைக் கூட்டத்துக்கு யார் வந்து பதில் சொல்வார்? கூட வந்த அண்ணன் பதில் சொல்ல வாயெடுத்தால், உங்களைக் கேட்கவில்லை, அவங்களைத்தான் கேட்டேன் என்று சொல்லுங்கள். அந்த அம்மா பேசி முடிக்கும்வரை வாசலை விட்டு நகராதீர்கள்.